அக்கா நெல் காயவைக்கும் ரோடு

இந்த ஊரில் சாலையோரம் சும்மா நிற்க முடியாது. அமெரிக்காவின் நடுமேற்கில், சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு பல்கலைக்கழக ஊர் இது. வகுப்புக்குப் போகும் வழியில் ஏதோ யோசனையாக நடைபாதை விளிம்பில் நின்றால் போதும், வருகிற கார் நின்றுவிடும். உள்ளே இருக்கும் அம்மாள் சிரித்தபடி போ என்று கையைக் காட்டுவார். எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இருக்காது. வேண்டாம் என்று தலையாட்டினால், பயப்படுகிறேன் என்று எண்ணிக்கொண்டு இன்னும் கனிவாகக் கையை ஆட்டுவார். பின்னால் நாலைந்து கார்கள் சேர்ந்துவிடும். ஒருவரும் ஹாரன் அடிக்கமாட்டார்கள், அதுதான் கொடுமை. கடைசியில் அவர்கள் மனம் நோகக் கூடாதே என்று சாலையைக் கடந்து, கார்கள் போன பிறகு திரும்பக் கடந்து வருவேன். பூதலூர்ப் பக்கம் பிறந்தவனுக்கு வண்டி ஓடினால் நிம்மதி, நின்றால்தான் பயம். ஏன் நிற்கிறான், யாருக்கு என்ன ஆயிற்று என்று மனம் பதறும்.

என் பிழைப்பும் சாலையில்தான். போக்குவரத்து இயக்கமும் சாலைப் பாதுகாப்பும் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர் நான். விபத்து நடந்த பிறகு எண்ணிக் கணக்கெடுப்பது பழைய முறை. நாங்கள் நடக்காமல் போன விபத்துகளை ஆராய்கிறோம். சாலையில் கேமரா வைத்தால், கணினி ஒவ்வொரு வண்டியையும் ஆளையும் சுற்றி ஒரு கட்டம் போடும். இரண்டு கட்டங்கள் மோதுகிற அளவுக்கு நெருங்கினால் சிவப்பாகும். அந்தத் துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துப் பார்ப்போம். எங்கள் பாஷையில் அதற்கு நியர் மிஸ் என்று பெயர். ஊரில் அதற்கென்று தனிப்பெயர் கிடையாது. "ஒண்ணும் ஆகல" என்பார்கள், அவ்வளவுதான்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றோடு சேர்ந்து இந்த ஆராய்ச்சியை டெல்டாவில் செய்வதென்று முடிவானபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல் காயவைப்பதால் என்ன ஆபத்து, என்ன செய்யலாம் என்பது கேள்வி. இடத்தைக் கல்லூரிக்காரர்களே தேர்ந்தெடுத்தார்கள். அது எங்கள் ஊர் ரோடாக, மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்து வளைவாக அமைந்தது. கேமராக் கம்பம் அக்கா வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரம்.

வெளியூர்க்காரர்கள் ரோட்டில் நெல்லைப் பார்த்தால் பட்டிக்காட்டுத்தனம் என்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆள் வைத்து அறுத்த காலத்தில் கதிர் வயலிலேயே கிடந்து, கட்டாகிக் களத்துக்கு வருவதற்குள் பாதி காய்ந்திருக்கும். இப்போது மெஷின் இறங்கினால் ஊர் நெல் முழுக்க ஒரே மூச்சில் பச்சையாகக் கொட்டிவிடுகிறது. இருப்பதோ ஒரு களம். குறுவை அறுவடையும் மழையும் கைகோத்துக்கொண்டு வரும். ஈரமாக இருந்தால் டிபிசியில், அதுதான் அரசாங்கக் கொள்முதல் நிலையத்தில், எடுக்கமாட்டார்கள். வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும் அகலமான இடம் தார் ரோடு ஒன்றுதான். காலை ஒன்பது மணிக்கு நகரத்தில் கார்களுக்கு வரும் நெருக்கடி, ஐப்பசியில் எங்கள் ஊர் நெல்லுக்கு வருகிறது. என் துறைக்காரர்களுக்கு இது புரியவேண்டும். ஆனாலும் பாதி ரோட்டை நெல் அடைத்துக்கொள்ள, மீதிப் பாதியில் பஸ்ஸும் லாரியும் டூவீலரும் எதிரெதிரே வருவதை நியாயம் என்று நான் எப்படி எழுதுவேன்?

என் ஆராய்ச்சி மாணவி மெகன், சோளம் பயிரிடும் குடும்பத்துப் பெண். முதல் வீடியோவைப் பார்த்ததும், நெல்லின் விளிம்பு நெடுக வைத்திருந்த கருங்கற்களைக் காட்டி, வண்டிக்காரர்களை எச்சரிக்கவா என்று கேட்டாள். இல்லை, நெல்லின் மேல் சக்கரம் ஏறாமலிருக்க என்றேன். அப்படியானால் ஆட்களைக் காப்பாற்ற என்ன வைப்பார்கள் என்று கேட்டுவிட்டுப் பேனாவோடு காத்திருந்தாள். நான் காபி எடுத்துவரப் போய்விட்டேன்.

அதே வீடியோவில்தான் அக்காவைப் பார்த்தேன். சட்டப்படி முகங்களை மங்கலாக்கித்தான் அனுப்புவார்கள். முகத்தை மறைத்தால் போதுமா? புடவைக்கு மேல் மச்சானின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, இடது காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்து நெல்லைக் கிளறிக்கொண்டே போகும் அந்த நடை ஆரோக்கியமேரியுடையது. என்னைத் தூக்கி வளர்த்தவள். பின்னால் பஸ் வருகிறது. பஸ்ஸுக்கு ஒதுங்கிய டூவீலர் ஒன்று நெல் விளிம்பில் ஏறி, சறுக்கி, அவள் புடவையை உரசுவதுபோல் போகிறது. கட்டம் சிவப்பாயிற்று. உடனே போன் செய்தேன்.

"ரோட்டுல முதுகக் காட்டிக்கிட்டு ஏன்க்கா நிக்கிற?"

"வெயிலு எதுக்க அடிக்குது தம்பி. கண்ணு கூசுதுல்ல."

"வண்டிக்காரன் இடிச்சிட்டுப் போயிருப்பான்."

"எப்ப? ஒண்ணும் ஆகலையே."

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எங்களுக்கு வரும் வீடியோ முந்தின நாளுடையது. அதில் நடப்பதெல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்தவை. அதனால் முதலில் அக்காவுக்கு போன் போட்டு அவள் குரலைக் கேட்பேன், பிறகுதான் கோப்பைத் திறப்பேன். கேட்பதற்கு ஏதாவது வேண்டுமே என்று, இன்றைக்கு என்ன குழம்பு என்பேன். "தெனம் கொழம்பு கேக்கத்தான் அமெரிக்காவுலேர்ந்து போன் போடுறியா?" என்று அவள் சிரிப்பாள். அவள் எடுக்கத் தாமதமான நாட்களில் என் கை மவுஸைத் தொடாது. வருடக்கணக்காக முன்பின் தெரியாதவர்கள் மயிரிழையில் தப்புவதைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன்தான். சொந்த ரத்தம் என்றதும் விஞ்ஞானம் கைவிட்டுவிட்டது.

கேமராவைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி செமஸ்டர் நடுவிலேயே ஊருக்குப் போனேன். கல்லூரியில் கேட்டு ஆரஞ்சு நிறக் கூம்புகள் கொஞ்சம் வாங்கிவந்து, நெல்லுக்கு வெகுதூரம் முன்னாலிருந்தே எப்படிச் சாய்வாக வைத்துக்கொண்டு வரவேண்டும் என்று அக்காவுக்கும் மச்சானுக்கும் செய்து காட்டினேன். இருவரும் கவனமாகக் கேட்டார்கள். மறுநாள் ரோட்டுக்குப் போனால் கூம்பு ஒன்றையும் காணோம். வழக்கமான கருங்கற்கள்தான் இருந்தன. திருட்டுப் போய்விட்டதோ என்று பதறி ஓடினேன். எல்லாம் வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில், துடைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன.

"காலேஜு பொருளு தம்பி. ரோட்டுல வச்சா எவனாவது ஏத்தி ஒடச்சிடுவான்" என்றாள் அக்கா.

அன்று மத்தியானமே கல்லணைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. ஊரே ரோட்டுக்கு ஓடியது. மச்சான் மரப்பலகையால் நெல்லை இழுத்துக் குவிக்க, அக்கா தார்ப்பாயைப் பிரித்தாள். காற்றில் தார்ப்பாய் ரோட்டின் குறுக்கே பறந்து விழுந்தது. அந்த நேரம் பார்த்து வளைவில் பஸ். நான் என்ன நினைத்தேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. ஓடிப்போய் நடுரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். பஸ் கிறீச்சிட்டு நின்றது.

"யோவ், வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று டிரைவர் தலையை நீட்டினார்.

"கோவிச்சுக்காதீங்க, என் தம்பிதான்" என்று அக்கா தார்ப்பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டே கத்தினாள். "அமெரிக்காவுல ரோட்டுக்குத்தான் வாத்தியாரா இருக்கு."

"அப்ப அங்க போயி நிக்கச் சொல்லுங்க" என்றார் டிரைவர்.

நெல் நனையவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள்கூடச் சிரித்துக்கொண்டுதான் போனார்கள். நீண்ட நாளைக்குப் பிறகு அன்றுதான் எனக்கு மனம் லேசாக இருந்தது. தூரத்தில் உட்கார்ந்து பயந்ததெல்லாம் அதிகப்படி, கிட்டே இருந்து பார்த்தால் எல்லாரும் எல்லாரையும் பார்த்துத்தான் ஓட்டுகிறார்கள் என்று தோன்றியது. இரவு அக்கா மீன்குழம்பு ஊற்றினாள். மீன் தலையை எனக்கே வைத்தாள். அதிகம் பேசவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து அறிக்கை எழுத உட்கார்ந்தேன். ஊருக்கு ஊர் கூடுதலாகக் காயவைக்கும் களம் வேண்டும், அதைக் கட்டாமல் ரோட்டில் நெல்லைத் தடை மட்டும் செய்தால் பயனில்லை என்று எழுதிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், மெகன் மடிக்கணினியோடு அறைக்குள் வந்தாள். இதுவரை கிடைத்ததிலேயே மிக மோசமான துண்டு இது என்றாள்.

கைலியை மடித்துக் கட்டி, தலையில் துண்டை முண்டாசாகச் சுற்றிய ஒருவன் கையை விரித்துக்கொண்டு பஸ்ஸை மறிக்கிறான். முகம் மங்கல். அவன் கண்ணெல்லாம் பஸ் மேல். எதிர்ப்பக்கமிருந்து ஒரு டூவீலர், மழைக்கு முந்திவிட வேண்டும் என்ற வேகத்தில், தார்ப்பாயைச் சுற்றி வளைந்து, அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண்கூட இல்லாத இடத்தில் பறந்து போகிறது. பஸ் நின்ற சத்தத்திலும் காற்றிலும் அது எனக்குக் கேட்கவே இல்லை. படத்தின் ஓரத்தில் அக்காவின் கையிலிருந்து தார்ப்பாய் நழுவுகிறது. அப்படியே நிமிர்ந்து நிற்கிறாள். நெற்றியில் தொட்டுச் சிலுவை போட்டுக்கொள்கிறாள். பிறகு குனிந்து தார்ப்பாயை எடுக்கிறாள். இதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இவர் யார்? நம் கேமராக் குழுவில் ஒருவரா, உள்ளூர்க்காரரா?" என்று கேட்டாள் மெகன். குழுவில் உள்ளவர் என்றால் இதை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

"அது நான்" என்றேன்.

மெகன் வாய்விட்டுச் சிரித்தாள். சாலையில் எங்கே நிற்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். சிரித்து முடித்து, சரி, விளையாட்டு போதும், குழுவா உள்ளூரா, என்ன போடட்டும் என்றாள்.

இன்னொரு தடவை ஓட்டு என்றேன். திரையில் முண்டாசுக்காரன் மறுபடியும் நடுரோட்டுக்கு ஓடிவந்து கையை விரித்தான். அவனுக்குப் பின்னால் வண்டி வருவது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.