பழனியாண்டி உட்கார்ந்தால் பஸ் போகும்

ஏறிய பஸ்ஸிலிருந்து பழனியாண்டி மறுபடியும் இறங்குகிறார். அவர் பின்னால் பையும் பிள்ளையுமாக ஒரு கூட்டம் இறங்குகிறது. கடைசியாக, முணுமுணுத்துக்கொண்டே தனபாலன். முன்னொரு தடவை இந்த மனுசன் காட்டிய பஸ்ஸில் ஏறி, அது கிளம்பாமல் கிடந்து, சொந்தத் தம்பி தாலி கட்டியதைப் பார்க்காமல் போனவர் தனபாலன். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் பஸ் பார்க்க வேறு ஆள் யார் இருக்கிறார்?

துணிக்கடை வேலைக்குக் கம்பளையிலிருந்து தினமும் வந்துபோகிறவர் பழனியாண்டி. எந்த பஸ் முதலில் கிளம்பும் என்பதை அடிபட்டுத்தான் படித்தார். முதலில் எஞ்சின் உறுமலை நம்பினார். அது ஆள் பிடிக்கிற உறுமல். பிறகு "கம்பொல, கம்பொல, தெங் யனவா!" என்று சிங்களத்தில் இப்போதே போகிறமாதிரி கத்தும் கண்டக்டரை நம்பினார், கத்தியவன் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டான். இப்போது எதையும் தனியாக நம்புவதில்லை. டிரைவர் வெற்றிலையைத் துப்பினாரா, சாமி படத்துக்கு ஊதுபத்தி எரிகிறதா, கடலைக்காரன் இறங்கினானா, எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பார்.

"ஊதுபத்தி ஏமாத்தும் அண்ணே. கடலக்காரன் பாதிதான் ஏமாத்துவான். ரெண்டும் சேந்துச்சுன்னா கண்ண மூடிக்கிட்டு ஏறலாம்" என்பார்.

இன்று அவர் மகள் சர்மிளாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். போன தடவை வந்தவர்கள், அப்பா இன்னும் பஸ்ஸுக்கு நிற்கிறார் என்றதும் தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

கம்பளைக்கு இரண்டு பஸ் நிற்கின்றன. ஒன்றில் ஊதுபத்தி எரிகிறது, டிரைவர் இன்னும் வெற்றிலை மெல்கிறார். மற்றதில் துப்பிவிட்டார், ஆனால் கடலைக்காரன் உள்ளே. பழனியாண்டி அதில் ஏறி இறங்கி, இதில் ஏறி இறங்கி நிற்கிறார். ஆள் நிரம்பாமல் பஸ் கிளம்பாது. அவர் உட்காராமல் ஆள் நிரம்பாது. பஸ் கிளம்பும் என்று தெரியாமல் அவர் உட்கார மாட்டார்.

"யோவ், ஒன்னாலதான்யா ரெண்டும் நிக்குது!" தனபாலன் கத்துகிறார். "நீ குந்துனா போயிரும்!"

"கடலக்காரன் எறங்கலையே அண்ணே."

"அவன் நீ ஏறுவேன்னு நிக்கிறான்! ஒன் பின்னாலதானே யாவாரம் வருது!"

போன் அடிக்கிறது. மனைவி நல்லம்மா. "மாப்புள வீட்டுல கெளம்பிட்டாங்களாம். எங்க இருக்கீங்க?"

"பஸ்ஸுல" என்கிறார், சேற்றில் நின்றுகொண்டு.

போனை வைத்துவிட்டு, கடலைக்காரன் நிற்கிற பஸ்ஸிலேயே ஏறி ஜன்னலோரம் உட்காருகிறார். கூட்டம் திமுதிமுவென்று ஏறுகிறது. கடலைக்காரன் இறங்கவில்லை. பழனியாண்டி பாதி எழுகிறார். உட்காருகிறார். சட்டென்று குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றி, பக்கத்தில் இருக்கும் தனபாலனின் மடியில் வைக்கிறார்.

"கம்பள வர்ற வரைக்கும் இதக் குடுத்துறாதீங்க அண்ணே. நான் காலுல விழுந்து கேட்டாலும்."