ஜரிகையில் செய்த பஸ்பம்

1979 ஐப்பசியில் மனைவி இறந்தபின் எனக்குக் கைநடுக்கம் வந்தது. அது நிற்காவிட்டால் தறியில் உட்கார முடியாது. பழைய மருத்துவ நூலைப் பார்த்து, அவளுடைய கிழிந்த பட்டுச்சேலையின் வெள்ளி ஜரிகையை எரித்து நானே வெள்ளி பஸ்பம் செய்து சாப்பிட்டேன். வேண்டாமென்று சொல்ல வீட்டில் யாருமில்லை.

ஓயாத வாந்தி. பக்கத்து வீட்டுக் கன்னியம்மாதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

"அதுல என்ன கலந்திருக்குன்னு தெரியுமா?" டாக்டரும், பிறகு நான் பார்த்த சித்த வைத்தியரும் கேட்டது இதே கேள்விதான். "ஜரிகைல செம்பும் கீதுன்னு தறிக்காரருக்கே தெரியாதா? நஞ்சு போக சுத்தி பண்ணாம துன்னுவாங்களா?" என்று வைத்தியர் சிரித்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாண்ணா? புஸ்தகத்தோடயே பேசிகினு இருப்பீங்களா?" என்றாள் கன்னியம்மா.

இப்போது மாத்திரையோ சூரணமோ, அவளிடம் சொல்லிவிட்டுத்தான் விழுங்குகிறேன். அவள் தன் சொந்த ஊரான போளூருக்குப் போனால், திரும்பி வரும்வரை மாத்திரையோடு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.