இங்கிலாந்துத் தகடும் பச்சை சைக்கிளும்

யார் வீட்டுக்குப் போனாலும் ஆட்களை விசாரிப்பதற்கு முன்னால் அங்கே நிற்கும் சைக்கிளைக் குனிந்து பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டு. பழைய சைக்கிள்களைப் பிரித்து, துரு நீக்கி, அவை கடையிலிருந்து வந்த கோலத்துக்குத் திருப்புவது என் பொழுதுபோக்கு. என் மனைவி அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள். அதை இங்கே எழுத வேண்டாம்.

தக்கலையில் பெயிண்டும் ஆணியும் விற்கிற நண்பர் ஒருவர் வீட்டுக்கு வாழைக்கன்று கேட்கப் போயிருந்தேன். ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகையில் ஒரு சைக்கிள் சாய்ந்து நின்றது. அதன் குறுக்குக் கம்பியில் ஷீட்டுகள் தொங்கின. ஹேண்டில்பாரில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. கோழியை விரட்டிவிட்டுப் பார்த்தேன். வண்டியின் முன்கழுத்தில் பித்தளைத் தகடு. விரலால் தேய்த்ததும் ஓர் ஆங்கிலக் கம்பெனியின் சின்னம் தெரிந்தது.

“இது இங்கிலாந்து வண்டியில்லா” என்றேன்.

நண்பர் உடனே ஷீட்டுகளை உருவி எறிந்துவிட்டு, தோளில் கிடந்த துவர்த்துத் துண்டால் சீட்டைத் துடைத்தார். அந்தத் துவர்த்தால் அவர் பிறகு முகத்தையும் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே அவருடைய தம்பி போனில் கூப்பிட்டார். வளைகுடாவில் சம்பாதித்து வந்து, அண்ணன் வீட்டை ஒட்டியே மாடி வீடு கட்டியவர். நடுவில் நிற்கும் மதில் யாருடையது என்பதில் தகராறாகி, இருவரும் பேசிக்கொள்வது நின்று பல வருடங்கள் ஆகியிருந்தன. செய்தி அந்த மதிலை எப்படித் தாண்டியதோ தெரியாது. அப்பா அந்த சைக்கிளைத் தனக்குத்தான் தந்தார் என்றார் தம்பி.

அண்ணன் சொன்ன வரலாற்றில், மலைத்தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊர் திரும்பும்போது அப்பாவின் நேர்மையை மெச்சிக் கொடுத்த வண்டி அது. தம்பியின் வரலாற்றில் துரை இல்லை, பத்மநாபபுரம் அரண்மனை வந்தது. அடுத்த வாரம் அண்ணனும் துரையைக் கைவிட்டு அரண்மனைக்கு மாறினார். அவர் கதையில் கூடுதலாக ஒரு யானையும் நின்றது.

வண்டி முதலில் சரியாகட்டும், உரிமையைப் பிறகு பேசலாம் என்று இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அதை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அண்ணன் மட்டிப்பழத்தோடு காலையில் வருவார், தம்பி பேரீச்சம்பழத்தோடு மாலையில். மட்கார்டில் தங்கக் கோடு போட வேண்டும், பெயிண்ட் தன் கடையிலேயே இருக்கிறது என்றார் அண்ணன். ஹாலில் கண்ணாடிக் கூண்டு செய்யப்போவதாகவும், விளக்கை மேலே வைக்கலாமா கீழே வைக்கலாமா என்றும் கேட்டார் தம்பி. வண்டி ஓடுமா என்று இருவருமே கேட்கவில்லை.

கறுப்புப் பெயிண்டைக் கரைத்தபோது அடியில் பச்சை வந்தது. பச்சையின்மேல் மங்கலாக நம் நாட்டுக் கம்பெனி ஒன்றின் பெயர். தகட்டைக் கழற்றினேன். பிரேமில் அக்கம்பக்கமாகப் பழைய ஓட்டைகள் இருந்தன. இந்தத் தகடோ மேலும் கீழுமாகப் புதிதாய்ப் போட்ட ஓட்டைகளில் நின்றிருந்தது. பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருந்த வரிசை எண்ணையும் பார்த்தபின் சந்தேகம் இல்லை. தகடு மட்டும்தான் இங்கிலாந்து.

இருவரையும் ஒரே நேரத்தில் வரச் சொன்னேன். இராஜாக்கமங்கலம் பக்கம் கடற்கரை ஊரில் கட்டிக்கொடுத்திருந்த அவர்களின் தங்கை அன்று அண்ணன் வீட்டில் இருந்ததால் அவரும் வந்தார். நான் ஓட்டைகளைக் காட்டி விளக்கினேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓய், இங்கிலாந்துன்னு முதல்ல சொன்னது நீருதான?”

“தகட்டப் பாத்துச் சொன்னேன்.”

“இப்பவும் தகட்டப் பாத்தே சொல்லும்.”

“அண்ணன் சொல்லுகது சரியாக்கும்” என்றார் தம்பி. பல வருடங்களில் அண்ணனைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

மார்த்தாண்டம் சந்தையில் பழைய இரும்புக் கடையில் அப்பா அந்தத் தகட்டை வாங்கும்போது தானும் கூட இருந்ததாகத் தங்கை சொன்னார். பார்வைக்குக் கெம்பீரமாக இருக்கட்டும் என்று அப்பாவே மாட்டியதாம். அவர் பேச்சு காதில் விழாததுபோல் அண்ணனும் தம்பியும் மறுபடி கறுப்படித்துத் தகட்டைப் பொருத்துவது பற்றிக் கலந்து பேசினார்கள். பச்சையில் வந்த வண்டிக்குப் பச்சைதான் அடிப்பேன் என்று நான் பிடிவாதமாக நின்றேன். பச்சை சைக்கிள் அவர்களுக்கு வேண்டாம், தகடு மட்டும் போதும் என்றார்கள்.

“அப்ப வண்டி எனக்கு” என்றார் தங்கை. “நான் சைக்கிள் படிச்சது இதுலதான். முன்பல்லு போனதும் இதுலதான்.”

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கூடப்பிறந்தவளுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது என்றார். அப்பாவின் நேர்மை தனக்கும் வந்திருக்கிறது என்கிற முகத்தோடு சொன்னார். தகடு இப்போது தம்பி வீட்டு ஹாலில் கண்ணாடிக்குள் இருக்கிறது, கீழே விளக்கு. வருகிறவர்களுக்கு யானைக் கதையை அண்ணன்தான் போய்ச் சொல்கிறார்.

பச்சை காய்ந்ததும் தங்கை வந்து, என் வீட்டு முற்றத்திலேயே ஏறி ஒரு சுற்றுச் சுற்றினார். பிரேக் பிடித்தது. இறங்கி, முன்னால் ஒரு பிளாஸ்டிக் கூடை வேண்டும் என்றார். இந்த மாடலில் கூடை வந்ததே இல்லை, பழமை கெட்டுவிடும் என்று நான் ஆரம்பித்தேன்.

“அண்ணாச்சி, நான் மீன எங்க வைக்கதுக்கு?”

சிவப்பு ஒன்றுதான் கடையில் இருந்தது. வாங்கிவந்து மாட்டிக்கொடுத்தேன்.