உப்பு அரித்த வளைவு

நான் மாவரைக்கவும் பரிமாறவும் சேர்ந்த சாப்பாட்டு ஓட்டல், அதற்கு முன் ஆம்பூரில் ஒரு தோல் வியாபாரியின் வீடாக இருந்தது. வியாபாரம் நொடித்து அவர் வாலாஜாபேட்டைக்குப் போய்விட, முதலாளி அதை வாடகைக்குப் பிடித்தார். முன்கூடத்தில் செங்கல் தூண்கள், தேக்கு உத்தரங்கள், கதவுகளுக்கு மேல் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி. வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்கள்.

பின்கட்டு வேறு. வியாபாரி காலத்தில் உப்புப் போட்ட பச்சைத் தோலை அடுக்கிவைத்த இடம். ஜன்னல் கிடையாது. நடுவில் அகலமான ஒரு செங்கல் வளைவுதான் கூரையைத் தாங்கியது. தோல் பதனிடும் டேனரி ஆட்களுக்கு அங்கேதான் இலை போடவேண்டும். "வாடை அடிக்குதுன்னு முன்னாடி இருக்கிறவங்க எழுந்து பூட்றாங்க" என்பார் முதலாளி. டேனரியில் தோல் ஊறவைக்கும் வேலை பார்த்த என் அண்ணனும் அங்கேதான் சாப்பிட்டார்.

தோலிலிருந்து இறங்கிய உப்பு சுவரெல்லாம் ஊறிப்போயிருந்தது. கோடையில் வெள்ளையாகப் பூக்கும், மழையில் கசியும். செங்கல் தூள் சோற்றில் விழும்.

"கல்லு உதுருது மொதலாளி. வளைவுல விரலு உள்ள போவுது" என்றேன்.

"சுண்ணாம்பு அடிச்சா சரியாப் பூடும். நீ மாவப் பாரும்மா."

அடித்தார்கள். ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் வளைவு இடிந்து விழுந்தது. ரசம் எடுத்துக்கொண்டு போன எனக்கு எதிரே ஒரே தூசி. கையாலேயே கல்லை வாரிப் போட்டோம். மூன்று பேர் உயிரோடு இல்லை. அண்ணனுக்கு மூச்சு இருந்தது.

"காலு இருக்குதா பாரு, எனக்குத் தெரியல" என்றார்.

இருந்தது. ஆனால் இடுப்புக்குக் கீழே அதன் பிறகு உணர்வே வரவில்லை.

ஓட்டலைச் சீக்கிரமே திறந்துவிட்டார்கள். முன்கூடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. டேனரியில் மத்தியானச் சங்கு ஊதியதும் ஆட்கள் வந்தார்கள். பின்கட்டு இடிந்து கிடந்தது. நேரே முன்கூடத்துக்குப் போய், அந்த வண்ணக் கண்ணாடிகளுக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"இன்னா பாத்துனு நிக்கிற? எழுப்பும்மா அவங்கள" என்றார் முதலாளி.

"நீங்களே எழுப்புங்க" என்று சொல்லிவிட்டு இலை போட ஆரம்பித்தேன். முதலாளி கல்லாவை விட்டு நகரவில்லை. எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டுப் போனார்கள்.

சாயங்காலமே என்னை வேலையை விட்டு நிறுத்தினார். மறுநாள் வாசலில் ஆள் போட்டு டேனரிக்காரர்களைத் தடுத்தார். அண்ணன் பார்த்திருந்த வேலைக்கு நான் போனேன். அடுத்த மழை வரை படுக்கையில் கிடந்துதான் அவர் செத்தார்.