பாவல் இலை வறை

சண்டைக்காலக் கொழும்பில், வெள்ளவத்தைச் சோதனைச்சாவடிச் சிப்பாய்க்கு ஜெகதீஸ்வரியின் பை மனப்பாடம்: கசக்கும் பாவல் இலை, பீர்க்கு இலை, புடோல் இலை. தான் வேலை பார்க்கும் ஆய்வுகூடத்தில் ஊதாக் கரைசலுக்குள் இலைச்சாற்றை விடுவாள். ஊதா வெளிறி மஞ்சளானால் அந்த இலையில் மருந்துக்குணம் உண்டு.

ஒருநாள் காலை, ஆய்வுக்கென்று அவள் பிரிட்ஜில் வைத்திருந்த பாவல் இலையைக் கணவர் வரதராசா தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்திருந்தார்.

"இஞ்சாருங்கோ, அது ஆராய்ச்சிக்கு வைச்சதெல்லோ?"

"பிரிட்ஜுக்குள்ள கிடந்தா கறிக்கெண்டுதானே நினைப்பன். சாப்பிட்டுப் பாருமன்."

அவள் சாப்பிடவில்லை. வந்த கோபத்தில் வறையை டப்பாவில் அடைத்துக்கொண்டு கிளம்பினாள். சிப்பாய் மூடியைத் திறந்து மோந்துவிட்டு, இன்றைக்குத்தான் ஒழுங்காகச் சமைத்திருக்கிறீர்கள் என்று சிங்களத்தில் மெச்சினான்.

ஆய்வுகூடத்தில் அந்த வறையையே பிழிந்து கரைசலில் விட்டாள். எந்த இலைக்கும் இல்லாத வேகத்தில் மஞ்சளாயிற்று. மாலையில் மனமில்லாமல் கணவரிடம் சொன்னாள். மனிதர் அன்றே அடுப்படியைத் தன் பொறுப்பில் எடுத்துவிட்டார்.

அவர் அள்ளிப்போட்ட மஞ்சள்தூள் செய்த வேலை அது என்று மறுநாளே அவளுக்கு விளங்கியது. சொல்லத்தான் வீட்டுக்கு வந்தாள். வரதராசா இராச்சாப்பாட்டுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். ஜெகதீஸ்வரி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தேத்தண்ணி கேட்டாள்.