பாதியில் நின்ற லினக்ஸ்

பழைய கணினி எதைக் கண்டாலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. போன வாரம் எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் பெட்டியையே பரணிலிருந்து இறக்கினேன். சிடி கரகரவென்று சுற்றியது. காற்றுத் துளைகளில் காய்ந்துபோயிருந்த சந்தனம் சூடேறி மணக்க, நான் மறுபடி ஐந்தாம் வகுப்புப் பையனாகிவிட்டேன்.

அப்போது அக்கா பிளஸ் டூ. வீட்டு வழக்கப்படி அவளை ஆச்சி என்பேன். அப்பா எங்களுக்கு அப்பச்சி. விண்டோஸ் படுத்துவிட்ட இந்தப் பெட்டியைக் காட்டி, "இத ஓட வையி ஆத்தா, கம்ப்யூட்டர் படிப்புல சேத்து விடுறேன்" என்று அப்பச்சி சொல்லியிருந்தார். அவள் தோழியிடம் லினக்ஸ் சிடி வாங்கி வந்தாள். பெட்டியில் மெமரி கொஞ்சம்தான். முந்தின நாள் போட்டது, ஆயுத பூசைக் காலையிலும் ஏறிக்கொண்டிருந்தது.

குளித்துத் திருநீறு பூசி வந்த அப்பச்சி, "இன்னைக்கி ஆயுதம் எதுவும் ஓடப்படாது" என்றார்.

"புடுங்கிறாதீக அப்பச்சி! பாதியில நிறுத்துனா கெட்டுப்போகும்" என்று ஆச்சி கெஞ்சினாள்.

அப்பச்சி ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியில் சந்தனம் அப்பினார். மறுநாள் திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி ஏற்றுகிறேன் என்று அவள் அழுதாள். "தொட்டுக் கெடுத்தது போதும்" என்று பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டார். ஆச்சி வலையபட்டிக்கு வாக்கப்பட்டுப் போனாள். கம்ப்யூட்டர் படிக்க என்னை அனுப்பினார்கள்.

இந்த முறை லினக்ஸ் முழுதாக ஏறியது. அப்பச்சி எட்டிப் பார்த்தார். "நீ தொட்டதும் ஓடுது பாத்தியா? அவ கெடுத்துல்ல வச்சிருந்தா."

"நீங்கதான ஒயரப் புடுங்கினீக."

"பூசைக்குத்தானடா புடுங்கினேன்" என்று சிரித்தார்.

வலையபட்டியிலிருந்து வந்திருந்த ஆச்சி, பக்கத்தில் நின்று அவருக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றிக்கொண்டே இருந்தாள்.