ஒரு மூடி எண்ணெயும் இரட்டை விசிலும்

அன்று சிதம்பரத்தில் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் என் கட்டிலைச் சுற்றி இருந்தவர்கள் நான்கு பேர்: டியூட்டி டாக்டர், ஒரு நர்ஸ், என் மனைவி தனம், அன்று ஊருக்கு வந்திருந்த அவள் தம்பி பாலு. மினி பஸ்ஸை வெளியே நிறுத்திவிட்டு வந்த டிரைவர் ஏழுமலை அண்ணன் கதவருகே நின்றார். அவரோடு ஐந்து. நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். சிதம்பரம் – குமராட்சி மினி பஸ்ஸில் கண்டக்டர். என்னைப் போலப் பயந்து கிடப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் அறிகுறி அதற்குச் சில மாதம் முன்பு வந்தது. டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்தன. விசில் வாயில் இருந்தது. ஊத மூச்சு இல்லை.

ஈ.சி.ஜி. (இதயத் துடிப்பை வரைந்து காட்டும் பரிசோதனை) சரியாக இருந்தது. திரும்ப எடுத்தார்கள். அதுவும் சரி. ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லாததற்கா இப்படி ஆகிறது என்று, அதை நினைத்தும் பயந்தேன். அடிக்கடி லீவு போட்டேன். ஓனர் வேறு ஆள் பார்க்கிறார் என்று ஏழுமலை அண்ணன் சொன்னார்.

கடலூரில் ஒரு மனநல மருத்துவரம்மாதான் நோய்க்குப் பெயர் சொன்னார்: பதற்றக் கோளாறு (ஆபத்து இல்லாதபோதும் உடம்பு ஆபத்து வந்ததுபோல நடந்துகொள்வது). மாத்திரை எழுதினார். அது வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்றார். அந்தச் சில வாரம் எனக்குப் பொறுக்கவில்லை.

புதுச்சேரியில் வேலை பார்க்கும் பாலு, தூக்கம் வராததற்காக போனில் ஒரு வைத்தியரிடம் பேசி, கஞ்சா இலையில் செய்த ஆயுர்வேத எண்ணெய் வாங்கியிருந்தான். அவன் பெயருக்கு எழுதிய மருந்துச் சீட்டிலேயே எனக்கும் ஒரு பாட்டில் வரவழைத்தான்.

"மாமா, இது பொட்டலம் இல்ல, மருந்து. நாக்குக்கு அடியில ரெண்டே சொட்டு."

சொட்டு விட்டுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் ஆயுர்வேதம் என்றால் அரிஷ்டம். அரிஷ்டம் என்றால் மூடியில் அளந்து, சாப்பிட்டபின் குடிப்பது. இலைதானே என்று, அரிஷ்ட பாட்டில் மூடி நிறைய எண்ணெயை ஊற்றிக் குடித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

இரண்டாவது நடையில் சாலை நீண்டுகொண்டே போனது. ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு வருஷம் ஓடியதுபோல இருந்தது. வேறு திசையில் கிள்ளைக்குப் போக வேண்டிய வண்டியில் ஏறிவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது. ஓர் அம்மா கூடையோடு படியில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே இரட்டை விசில் கொடுத்துவிட்டேன். ஏழுமலை அண்ணன் கண்ணாடியில் பார்த்ததால் வண்டியை எடுக்கவில்லை. பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

என்ன சாப்பிட்டீர்கள் என்று டியூட்டி டாக்டர் கேட்டார். பாலுதான் சொன்னான். "நான்தான் சார் வாங்கிக் குடுத்தேன்."

தனம் என்னையே பார்த்தாள். "மூடியிலயா குடிச்சீங்க? காலையில அரிஷ்டம் மூடி ஏன் பிசுபிசுங்குதுன்னு அப்பவே நெனச்சேன்." நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

சாயங்காலத்துக்குள் தெளிந்தேன். அடுத்த வாரம் கடலூர் மருத்துவரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் திட்டவில்லை. நம் உடம்பிலேயே எண்டோகேனபினாய்டு அமைப்பு (கஞ்சாவில் உள்ளதைப் போன்ற பொருளைத் தானே சுரந்து நரம்புகளைத் தணிக்கும் ஏற்பாடு) என்று ஒன்று இருக்கிறதாம். ஒரு நரம்பு அடுத்ததற்குச் செய்தி அனுப்புகிறது. அது மிஞ்சிப்போனால், வாங்கிக்கொள்ளும் நரம்பு அந்தப் பொருளைச் சுரந்து முதல் நரம்புக்கு அனுப்பி, போதும் என்கிறது. செய்தி பின்னாலிருந்து முன்னால் போகிறது.

"அப்ப கண்டக்டர் விசில் மாதிரிங்களாம்மா?"

அவர் சிரித்தார். "அப்படியே வெச்சுக்கங்க. நீங்க குடிச்சதுல பஸ்ஸுல இருக்கறவங்க எல்லாரும் விசில் ஊதிட்டாங்க."

கஞ்சாவில் போதை தரும் பொருள் கொஞ்சமாகப் போனால் சிலருக்குப் பதற்றம் தணியலாம். அதிகமானால் அதுவே கூட்டும் என்றார். போதை தராத இன்னொரு பொருளைப் பதற்றத்துக்கு ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். நம்பிக்கை உண்டு, ஆனால் உறுதியாகச் சொல்ல இன்னும் போதாது. நான் சாப்பிடும் மாத்திரையோடு அது மோதவும் கூடும். நாளை சரியான மருந்தாக வந்தால் தானே எழுதித் தருவதாகவும், இப்போது வேண்டாம் என்றும் சொன்னார்.

"எனக்கு உள்ளுக்குள்ள விசிலே இல்லையாம்மா?" என்று கேட்டேன். அதுதான் என் பயமே.

"இருக்கு. இல்லன்னா இவ்ளோ வருஷம் வண்டி ஓடியிருக்காது. கொஞ்சம் டைம் குடுங்க."

கொடுத்தேன். மாத்திரை மெதுவாக வேலை செய்தது. மூச்சை நீளமாக விடப் பழகினேன். முதலில் பயணியாக ஏறி அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன், பிறகு அதற்கடுத்ததில். ஒருநாள் ஏழுமலை அண்ணன் திரும்பிப் பார்த்து, "உக்காந்தே வர்றியே, டிக்கெட்ட யாரு குடுக்கறது?" என்றார். எழுந்து, எனக்குப் பதிலாக வந்துகொண்டிருந்தவரிடமிருந்து பையை வாங்கிக்கொண்டேன்.

படபடப்பு இப்போதும் வரும். வந்தால், நிறுத்தத்தில் ஏறும் ஆள்போல ஏறி, கொஞ்ச தூரத்தில் இறங்கிவிடும். ஒற்றை விசிலுக்கும் இரட்டை விசிலுக்கும் நடுவே வண்டி சும்மா நிற்கிறதே, அந்த நேரம் முன்பு எனக்கு வேதனை. இப்போது கடைசி ஆள் தரையில் கால் வைக்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

மீதி எண்ணெயைக் கொட்டிவிட்டோம். பணம் வேண்டாம் மாமா என்கிறான் பாலு. நான் விடுவதாக இல்லை. யாருக்காவது பத்து ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தாலும் தூங்காதவன் நான். நேற்றும் நன்றாகத் தூங்கினேன். மச்சானுக்கு இன்னும் ஆயிரத்து நானூறு ரூபாய் பாக்கி.